பண்டகசாலையில் வரகும் நெல்லும்

புதுதில்லியில் 1950களில் தூதரகங்களுக்கென உருவான சாணக்யபுரி, அர்த்தசாத்திரத்தின் ஆசிரியராகக் கருதப்பெறும் சாணக்கியரின் பெயரைத் தாங்கியது. ஆர். சாமாசாஸ்திரி 1909இல் மைசூரில் பதிப்பித்த அந்நூல், பண்டைய தானியங்களுக்கு அரிய சான்றாகும். அரசுப் பண்டகசாலைத் தலைவனின் கடமைகளைக் கூறுமிடத்து, உமி நீக்கியபின் எஞ்சும் அளவைத் தானியந்தோறும் அது வரையறுக்கிறது. கோத்ரவம் எனப்படும் வரகுக்கும் விரீகி எனப்படும் நெல்வகைக்கும் எஞ்சுவது பாதி. அக்கணக்கில் வரகு நெல்லினும் தாழ்ந்ததன்று.

தமிழர் திணை மரபும் தினையைக் குறிஞ்சிக்கும் வரகை முல்லைக்கும் நெல்லை மருதத்துக்கும் உணவாகக் கொண்டது. பின்னர்ப் பாசனம் பெருக, நன்செய் நெல் உயர்வு பெற்றது. கடின உமியுடைய வரகைக் குற்றும் உழைப்போ மகளிர்மேல் விழுந்தது. நெல்லுக்கு ஆலைகள் பெருகியதுபோல் வரகுக்குப் பெருகவில்லை.

இவ்வேற்றுமை சட்டத்திலும் பதிந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிலோ அரிசிக்கு 3 ரூபாயும் கோதுமைக்கு 2 ரூபாயும் கம்பு, சோளம் முதலிய பருந்தானியங்களுக்கு 1 ரூபாயும் விலையாக வகுத்தது. இந்திய அரசு 2018இல் வரகு, தினை உள்ளிட்டவற்றை ஊட்டத் தானியங்கள் என அறிவித்தது. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பெற்றது. பெயர் உயர்ந்தது, குற்றும் உழைப்பு குறைந்தாலன்றி வரகு அன்றாட உணவாக மீள்வது அரிது.