இருதயத்துக்கு ஒரு புதிய கதவு



மனித இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. குருதியை முன்னே செல்லவிட்டுப் பின்னே திரும்பவொட்டாது தடுப்பதே அவற்றின் தொழில். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. பிள்ளைப் பருவத்தில் வரும் வாதக் காய்ச்சலால் அவை தடித்துச் சுருங்குமாயின், இருதயம் நாளடைவில் தளர்ந்துபோகும். பழுதான கதவை அகற்றி வேறொன்றை வைத்தல் கூடுமா?

1952ஆம் ஆண்டில், வாஷிங்டன் நகரில், சாள்ஸ் ஹப்னகல் என்னும் சத்திரவைத்தியர், கூட்டினுள் குண்டு அசையும் வால்வொன்றைப் பெருநாடியிற் பொருத்தினார். இருதயத்தினுள்ளே வைத்தற்கு அன்று வழி இருக்கவில்லை. இருதயத்தின் வேலையைச் சிறிது நேரம் ஏற்றுச் செய்யும் பொறி 1953இல் வெற்றி கண்ட பின்னரே அவ்வழி திறந்தது.

1958இல், ஒரெகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில், லோவெல் எட்வேட்ஸ் என்னும் முதிய பொறியியலாளர், ஆல்பேட் ஸ்டார் என்னும் இளம் சத்திரவைத்தியரிடம் சென்று, முழு இருதயத்தையே செய்வோம் என்றார். முதலில் ஒரு வால்வைச் செய்வோம் என்றார் ஸ்டார். இயற்கை வால்வைப்போல இதழ்கள் வைத்துச் செய்தவை, நாய்களிற் பொருத்தியபோது சில நாட்களிற் குருதி உறைந்து அடைபட்டன. ஆகவே இயற்கையின் உருவத்தை விடுத்து, அதன் தொழிலை மட்டும் பின்பற்றிக் குண்டு வால்வை அமைத்தனர்.

1960 ஓகஸ்டில் அதனைப் பெற்ற முதல் நோயாளி சில மணி நேரத்தில் இறந்தார். செப்டெம்பரில் அதனைப் பெற்றவரோ ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்து, ஏணியிலிருந்து விழுந்தே மாண்டார்.

எனினும், செயற்கை வால்வின்மேல் குருதி உறையும் இயல்பு நீங்கவில்லை. எலிகளைக் கொல்ல 1948இல் விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கும் மருந்தாக அனுமதி பெற்ற வார்பரினே காவலாயிற்று. அளவு குறைந்தால் குருதி உறையும். மிகுந்தால் குருதி பெருகும். எனவே ஆயுள் முழுவதும் மருந்தும் குருதிப் பரிசோதனையும் வேண்டியனவாயின.

காலமே இதில் நீதிபதி. 1979இல் வெளிவந்த பியோர்க்-ஷைலி வால்வு வகையொன்று, அதன் கம்பி முறிந்து பலர் இறந்தமையால் 1986இல் விலக்கப்பட்டது. அமெரிக்காவில் 1977 முதல் 1982 வரை 575 ஆண்களிடையே பொறிமுறை வால்வையும் விலங்கிழைய வால்வையும் ஒப்பிட்டனர். பெருநாடி வால்வை மாற்றிக்கொண்டோருள், பதினைந்து ஆண்டுகளில், விலங்கிழைய வால்வு பெற்றவர்களில் நூற்றுக்கு 79 பேரும், பொறிமுறை வால்வு பெற்றவர்களில் 66 பேரும் இறந்திருந்தனர். ஆயினும் குருதிப்பெருக்கு பொறிமுறை வால்வினரிடமே மிகுந்திருந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? சத்திரசிகிச்சை அறையில் வெற்றி தொடங்குகிறதே யன்றி முடிவதில்லை. அதன் பின்னர், நாள்தோறும் தவறாது உண்ணும் ஒரு சிறு குளிகையே அவ்வெற்றியைக் காக்கின்றது. வைத்தியரின் சொல்லின்றி அதனை நிறுத்துவோர் தம் உயிரோடு விளையாடுபவராவர். பிள்ளைகளின் தொண்டை அழற்சிக்குக் காலத்தில் மருந்து கொடுத்து வாதக் காய்ச்சலைத் தடுப்போமாயின், அவர்களுட் பலருக்குப் புதிய கதவே வேண்டியிராது.