தீப்பொறியின் நேரமும் பெட்ரோலில் கலந்த ஈயமும்



பழைய மகிழுந்தின் இயந்திரத்தைப் பிரித்துச் செப்பனிட்டுப் பூட்டிய பின், தீப்பொறி பாயும் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். மாரிஸ் மைனர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதைச் செய்வதை அருகிலிருந்து கண்டேன். முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேலே வரும்வரை இயந்திரத்தைக் கையால் சுழற்றினார். அது அமுக்க வீச்சாக இருக்க வேண்டும். வெளியேற்ற வீச்சிலும் பிஸ்டன் மேலே வரும், அதை நம்பிப் பூட்டினால் வண்டி கிளம்பாது. பின்னர்ச் சோதனை விளக்கை இணைத்து, டிஸ்ட்ரிபியூட்டரை இலேசாகத் திருப்பினார். பாயிண்ட் திறந்த கணத்தில் விளக்கு எரிந்தது, திருகை இறுக்கினார்.

“கையேட்டு அளவு தொடக்கத்துக்குத்தான், ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்துப் பெட்ரோல் இப்போது ஏது?” என்றார். இக்கூற்றின் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

பெட்ரோல் ஆவி எரிந்து முடியச் சிறிது நேரமாகும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி பாய வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று, அதாவது 18,000 பாகை. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் 18 பாகை! (ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நல்ல கணக்கு.) 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியில் ஓட்டுநரே ஒரு நெம்புகோலால் இந்நேரத்தை மாற்றினார். அதை முந்தவிட்ட நிலையில் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பியவர்களுக்குக் கை முறிந்ததும் உண்டு.

இளமையில் ஓஹியோ மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்கலப் பற்றவைப்பு முறை, 1910-ஆம் ஆண்டுக்கான காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. 1912-இல் அவருடைய மின்சாரக் கிளப்பியும் வந்தது. ஆயினும் இயந்திரத்தில் எழுந்த தட்டொலிக்கு அவருடைய பற்றவைப்பு முறையே காரணம் எனச் சிலர் குறை கூறினர். உண்மையை அறிய, தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளம் பொறியாளரை 1916-இல் அவர் ஆய்வில் ஈடுபடுத்தினார். பொறியை முந்தவிட்டால் தட்டொலி கூடும் என்பது உண்மையே; ஆனால் எரிபொருளின் தன்மையே அடிப்படைக் காரணம் எனத் தெரிந்தது.

1921 டிசம்பரில் மிட்ஜ்லி ஒரு தீர்வு கண்டார். டெட்ராஎத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் தட்டொலி அடங்கியது. 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. ஈயம் நஞ்சென்பது அன்றும் தெரிந்ததே. மிட்ஜ்லியே அதனால் நோயுற்றார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். 1925-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே தொடர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகச் சாலைகளில் அந்தப் புகை பரவியது.

இனி நம் தொழிலுக்கு நெருக்கமான செய்தி. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பாஸ்டன் அருகே முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து, அவற்றிலிருந்த ஈயத்தை அளந்திருந்தார். பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிட்டவர்கள் வகுப்பாசிரியர்களே. ஈயம் மிகுந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கினர். கவனம் சிதறுவோர் என்று ஆசிரியர்கள் குறித்தவர்களும் அவர்களுள் அதிகம். பழைய வண்ணப்பூச்சும் ஈயத்துக்கு ஒரு மூலம்தான் என்றாலும், புகையின் பங்கு சிறிதன்று. “சோம்பேறி” என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

அமெரிக்கா 1996-இல் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோலைத் தடை செய்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் அதன் விற்பனையை நிறுத்தியது. புதிய மகிழுந்துகளில் தட்டொலியை உணர்கருவி கண்டறிய, கணினியே பொறியைத் தாமதப்படுத்துகிறது. பழைய வண்டிகளில் மேட்டுச் சாலையில் ஓட்டிச் செவியால்தான் கேட்க வேண்டும். தட்டினால் டிஸ்ட்ரிபியூட்டரை ஓரிரு பாகை பின்னுக்குத் திருப்ப வேண்டும்.