1780 என்று பொறித்த காசு

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கும். அதனுள், எந்த நாட்டுடையவை என்று எவரும் அறியாத சில காசுகள் கிடக்கும். உலக நாணயங்களைச் சேர்க்க விரும்புவோர் கடைத்தெருவுக்குச் செல்லுமுன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நலம்.

தில்லியில் என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் அத்தகைய காசு ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். பெரிய வெள்ளிக் காசு. ஒரு புறம் முக்காடிட்ட அரசியின் உருவம். மறுபுறம் இருதலைக் கழுகும் 1780 என்ற ஆண்டும். அவருடைய பாட்டனார் ஏடன் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். "இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட காசு!" என்று நண்பர் பெருமிதம் கொண்டார்.

அந்த அரசி ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா. அவர் 1780-இல் காலமானார். ஆயினும் அவர் உருவம் தாங்கிய தாலர் என்னும் காசின்மீது எத்தியோப்பியாவிலும் அரபு நாட்டிலும் மக்கள் பெரும் நம்பிக்கை வைத்திருந்தனர். உருவம் மாறினால் வணிகர் ஏற்கத் தயங்குவர். ஆகவே, வியன்னா நாணயச்சாலை அதே உருவத்தையும் அதே ஆண்டையும் மாற்றாமல் தொடர்ந்து அச்சிட்டது. 1935-இல் எத்தியோப்பியாவின்மீது படையெடுத்த இத்தாலி, ரோமிலும் அதனை அச்சிட்டது. பிறகு லண்டன் முந்திக்கொண்டது. 1940, 1941 ஆண்டுகளில் நம் பம்பாய் நாணயச்சாலையும் அதே காசை அச்சிட்டது! நண்பரின் 'ஆஸ்திரியக் காசு' பம்பாயிலேயே பிறந்திருக்கவும் கூடும்.

இதிலிருந்து பெறும் பாடம், ஆண்டை மட்டும் நம்பலாகாது என்பதே. எழுத்து, உலோகம், எடை, விளிம்பு ஆகிய அனைத்தையும் நோக்க வேண்டும். தாலர் 28 கிராமுக்குச் சற்று மிகும். அதன் விளிம்பிலும் எழுத்துகள் உண்டு. தாய்லாந்துக் காசின் புத்த ஆண்டில் 543-ஐயும், நேபாளக் காசின் விக்கிரம ஆண்டில் 57-ஐயும் கழித்தால், ஏறத்தாழ நமது கணக்கு கிடைக்கும். சுதந்திர இந்தியக் காசில் ஆண்டின்கீழ் வைர வடிவம் இருந்தால் பம்பாய். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. குறியே இல்லையெனில் கல்கத்தா.

நண்பர் அந்தத் தாலரைப் புளியிட்டுத் துலக்க எண்ணியிருந்தார். நான் தடுத்தேன். சிறுவயதில் இலங்கைச் செப்புச் சதம் ஒன்று எனக்குக் கிடைத்தது. நடுவே பனைமரம், பக்கத்தில் தமிழ் எழுத்து. புளியும் சாம்பலும் கொண்டு குத்துவிளக்கைப் போல் அதைத் தேய்த்தேன். காசு பளபளத்தது; தமிழ் எழுத்து மங்கிவிட்டது. காலம் படியவிட்ட கருமையே காசுக்குக் கவசம் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஆகவே, காசைத் துலக்காதீர்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். ஒவ்வொன்றையும் அமிலமற்ற தாளுறையில் தனித்தனியே இடுங்கள். மெதுவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பசுமையான பிசுக்கை ஏற்படுத்தும். ரப்பர் வளையம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பம்பாய், கல்கத்தா போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் வசிப்போர் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, அவ்வப்போது மாற்றுவது நன்று.

இவை எல்லாவற்றினும் இன்றியமையாதது ஒரு சிறு சீட்டு. காசு யாரிடமிருந்து, எவ்வூரில், எப்போது வந்தது என்பதை அதில் எழுதி உறையுடன் வையுங்கள். நண்பரின் பாட்டனார் அந்தத் தாலரைச் சம்பளமாகப் பெற்றாரா, கடனுக்கு ஈடாகப் பெற்றாரா, அன்பளிப்பாகப் பெற்றாரா? சொல்லக்கூடியவர் எவரும் இன்றில்லை. அரசியின் வரலாறு நூல்களில் கிடைக்கும். பாட்டனாரின் வரலாறு எந்த நூலில் கிடைக்கும்? வீட்டில் முதியோர் இருக்கும்போதே அந்தப் பெட்டியைத் திறந்து, அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள்.