தரங்கம்பாடி

மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலோரம் அமைந்துள்ள பழைய துறைமுக நகரமான தரங்கம்பாடி, 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே டேனியர் வசமாகி, 1845இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்படும்வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, அவர்களிடமே இருந்தது. மிளகு வணிகத்துக்காக எழுப்பப்பட்ட டேன்ஸ்போர்க் கோட்டையைக் காணவே பயணிகள் பெரும்பாலும் வருகின்றனர் என்றாலும், தமிழுக்கு இவ்வூர் தந்தது அச்சுத்தொழிலின் வழியே வந்ததாகும். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் நிறுவினார்; ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துருக்கள் (அச்சுக்கோக்க உதவும் உலோக வார்ப்புகள்) அளவில் பெரியனவாய்த் தாளை மிகுதியாக விழுங்கியமையால், சிறிய எழுத்துருக்கள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டு, அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அவர் அடக்கம் செய்யப்பட்ட, 1718இல் திறக்கப்பெற்ற புதிய எருசலேம் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. 1792இல் கட்டப்பட்ட நகரவாயிலின் வழியே நுழையும் பயணி, டேனியருக்கு மூன்று நூற்றாண்டுகள் முந்தைய, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலையும் தவறாது காணவேண்டும். அதன் முற்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டுவிட்டது.