ஆசானை மறுத்த அறிவு

இடி முழங்கினால் சீயஸ் சினந்தான் என்றும், கடல் பொங்கினால் பொசைடன் வெகுண்டான் என்றும் நம்பிக் கிடந்தது பண்டைய கிரேக்கம். அங்கேதான், கி.மு. 6ஆம் நூற்றாண்டில், மிலேட்டஸ் நகரத்துத் தேல்ஸ், உலகின் மூலப்பொருளை ஆராய்ந்து, நீர் என்றார். அவர் வழிவந்த அனக்சிமாந்தரோ, எல்லையற்ற ஒன்றே மூலம் என மறுத்தார். ஆசானையும் மறுக்கலாம் எனும் அவ்வுரிமையிலேதான் தத்துவம் வளர்ந்தது!

உள்ளது எது என்றது மெய்ப்பொருளியல். அதை அறிவது எங்ஙனம் என்றது அறிவாய்வியல். பிழையின்றி வாதிடுவது எவ்வாறு என்றது அளவையியல். வாழும் நெறி யாது என்றது அறவியல்.

கேள்விக்கு விலையும் இருந்தது. ஞாயிறு தேவனன்று, கனலும் கல்லே என்ற அனக்சகோரஸ் ஏதென்சை விட்டகன்றார். கி.மு. 399இல், முதியவர் சாக்ரடீசுக்கு நஞ்சு தந்தனர்.

தேல்சின் விடையை இன்று எவரும் ஏற்பதில்லை. எனினும் அவரைப் போற்றுகிறோம். புராணத்தை மறுக்கும் நாம், நம் தலைவர் சொல்லையும் ஆராய்ந்தே ஏற்போமாயின், அவர் வழியினராவோம்.