கற்பிட்டிக் களப்பில் ஓட்டப் பாவித்த ஜெட் ஸ்கி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டொல்பின் பார்க்கவும் கைட் சர்ஃபிங் செய்யவும் வரும் பயணிகளால் கற்பிட்டியில் நீர் விளையாட்டு ஒரு தொழிலாகியிருக்கிறது. புதிய ஜெட் ஸ்கி வாங்க வசதியில்லாதவர்கள் பாவித்ததைத் தேடுகிறார்கள். நகையை அடகு வைத்தோ லீசிங் எடுத்தோ வாங்கிய இயந்திரம் ஒரு பருவம் முடியும் முன்னே நின்றுவிட்டால் கடன் மட்டுமே மிஞ்சும். சொந்தப் பொழுதுபோக்குக்காக வாங்குபவருக்கும் அந்த இழப்பு சிறியதல்ல.

வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது தயாரிப்பு ஆண்டையும் பெயின்டையும்தான். கற்பிட்டியில் இவை இரண்டாம்பட்சம். அந்த இயந்திரம் எந்தத் தண்ணீரில் ஓடியது, ஓடிய பின் எப்படிக் கழுவப்பட்டது என்பதே முதல் கேள்வி.

களப்பு எப்படிப்பட்டது?

புத்தளம் களப்பின் பரப்பு சுமார் 327 சதுர கிலோமீற்றர். வடக்கே டச்சுக் குடா வழியாகக் கடலோடு சேர்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் இதில் கலந்தாலும், வறட்சிக் காலத்தில் களப்பு நீரின் உப்பு கடல்நீரையும் மிஞ்சுவதுண்டு. பல இடங்களில் ஆழம் ஒன்றிரண்டு மீற்றர்தான். அடியில் மணல், சேறு, கடற்புல். மேலே மீனவரின் வலைகள்.

ஜெட் ஸ்கிக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிப்பக்கத்துச் சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லரால் பின்பக்கம் பீய்ச்சித் தள்ளுகிறது. தண்ணீரோடு மணல், புல், அறுந்த வலைநூல், பொலித்தீன் பை எல்லாம் உள்ளே போகும். ஆழமான ஏரியில் ஓடிய இயந்திரத்தையும் ஆழமற்ற உப்புக் களப்பில் ஓடியதையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

எஞ்சின் எப்படிக் குளிர்கிறது?

ஜெட் ஸ்கி என்பது உண்மையில் கவாசாகி நிறுவனத்தின் வணிகப் பெயர். யமஹா தனது இயந்திரத்தை வேவ்ரன்னர் என்கிறது. கனடாவின் பிஆர்பி சீ-டூ என்கிறது. யமஹாவிலும் கவாசாகியிலும் ஓடும் இடத்து நீரே எஞ்சினுக்குள் சென்று அதைக் குளிர்விக்கிறது. கழுவாமல் விட்டால் உப்பு உள்வழிகளில் படிந்து அடைக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் சீ-டூவில் எஞ்சினுக்குள் ஓடுவது தனியான குளிர்திரவம். ஆனாலும் அதன் புகைபோக்கியைக் குளிர்விப்பது வெளிநீர்தான்; ஆகவே அதையும் கழுவ வேண்டும். அந்தக் குளிர்திரவம் வெப்பத்தை இழப்பது பின்பக்க அடித்தட்டில். ஆழமற்ற இடத்தில் தரையில் உரசி ஓடிய சீ-டூ என்றால் அந்தத் தட்டில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்கள் மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பது நல்லது. அவை பெற்றோலோடு ஒயிலையும் எரிப்பவை. எரியாத மிச்சம் களப்பில் கலக்கும்.

கரையில் வைத்துச் செய்ய வேண்டிய சோதனை

விற்பவரிடம் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதே தெரிய வேண்டியது. தண்ணீர் இணைக்காமல் கரையில் சில விநாடிகளுக்கு மேல் ஓட விடக்கூடாது.

இருக்கையைத் தூக்கி உள்ளே பாருங்கள். அலுமினியப் பாகங்களில் வெள்ளைத் தூள், வயர் இணைப்புகளில் பச்சை, போல்ட்டுகளில் துரு இருந்தால் உப்புநீர் உள்ளே தங்கியிருக்கிறது. ஒயில் பால் கலந்ததுபோல் இருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அங்கேயே திரும்பிவிடலாம்.

எல்லா சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் மெக்கானிக்கைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இம்பெல்லரின் ஓரம் கடிபட்டிருக்கிறதா, அதைச் சுற்றியுள்ள வளையம் மணலில் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். பல புதிய மாடல்களில் எஞ்சின் கணினியே ஓடிய நேரத்தையும் பிழைகளையும் பதிந்து வைக்கும். உரிய கருவி உள்ளவரிடம் வாசித்துப் பார்க்கலாம். ஒழுங்காகக் கழுவி 200 மணிநேரம் ஓடியது, 40 மணிநேரம் ஓடி உப்போடு கொட்டிலில் கிடந்ததைவிட நல்லதாக இருக்கலாம்.

தண்ணீரில் சோதனை

ஓட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். வேகம் கூட்டும்போது எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டி முன்னே பாயவில்லை என்றால் பம்ப் பகுதி தேய்ந்திருக்கலாம், அல்லது புல் அடைத்திருக்கலாம். 15 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இருக்கையைத் திறந்து பாருங்கள். உள்ளே புதிதாகத் தண்ணீர் நின்றால் காரணம் தெரியும்வரை விலை பேச வேண்டாம்.

பத்திரமும் பாகமும்

உடலில் பொறித்த இலக்கமும் எஞ்சின் இலக்கமும் சுங்கப் பத்திரத்தோடு பொருந்த வேண்டும். சுரண்டிய இலக்கம் என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு, காப்புறுதி பற்றி வாங்கும் முன்பே விசாரியுங்கள். கற்பிட்டியில் மீன்பிடிப் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஜெட் பம்பும் அதன் மின்னணுவும் வேறு வேலை. பாகம் எங்கே கிடைக்கும், யார் மாற்றுவார் என்பதற்குப் பதில் கிடைத்த பிறகே மாடலைத் தீர்மானியுங்கள்.

வாங்கிய பிறகு

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீர் விட்டுக் கழுவ வேண்டும். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிறகு குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறக்கூடும். களப்போரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கலாம். வாயில் விட்டுப் பார்த்து, உவர்த்தால் வேறு தண்ணீர் தேடுங்கள்.

ஒரு மீற்றருக்குக் குறைந்த ஆழத்தில் எஞ்சினை முடுக்காதீர்கள். வேகப் பிடியை விட்டால் ஜெட் ஸ்கி திரும்பாது என்பதைப் புதிதாக ஓட்டுபவருக்கு முதலில் சொல்லுங்கள். பயத்தில் பிடியை விட்டு நேரே போய் மோதுவதே வழக்கமான விபத்து. உயிர்காப்பு அங்கியும் எஞ்சினை நிறுத்தும் கயிறும் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது.

வலை விரித்த இடமும் கைட் ஓடும் இடமும் உங்கள் பாதை அல்ல. கடற்புல் பரப்புகள் ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வெளிக்கடலில் உள்ள பார் ரீஃப் பவளப்பாறைத் தொகுதி 1992 முதல் சரணாலயம். வலை அறுந்தால் ஒரு மீனவக் குடும்பத்தின் அன்றைய வருமானம் போகும். அதே நூல் உங்கள் இம்பெல்லரிலும் சுற்றும்.