போர்ட்லந்தில் ஒரு பெயர் அழைப்பு

1881ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரிலுள்ள வில்லிஸ்டன் சபையார் ஆண்டுத் தொடக்க ஜெப வாரத்தை அனுசரித்தனர். அதன் பயனாக வாலிபர் பலர் கிறிஸ்துவை அறிக்கையிட்டனர். போதகர் பிரான்சிஸ் கிளார்க் அப்போது முப்பது வயதை எட்டாதவர். மகிழ்ச்சியோடு கவலையும் அவரைப் பற்றிக்கொண்டது. எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீர் சிந்திய வாலிபர் அடுத்த ஆண்டு எங்கே இருப்பார்? ஆயர் பணியிலுள்ள நம்மில் இக்கேள்வியைக் கேளாதவர் இலர்.

அக்காலத்துச் சபைகள் பெரும்பாலும் பெரிய கட்டங்களையே கொண்டாட அறிந்திருந்தன. மனந்திரும்புதல் ஒன்று, சபை அங்கத்தினராதல் மற்றொன்று. இடையிலுள்ள நீண்ட பாதையில், சிறுவர்க்கு ஞாயிறு பள்ளியின் வண்ணச் சீட்டுகள் இருந்தன. மனப்பாட வசனங்களுக்குச் சீட்டு; சீட்டுகள் பல சேர்ந்தால் வேதாகமம் பரிசு. இம்முறையின் குறையை இறையியலாரைக் காட்டிலும் நகைச்சுவையாளரான மார்க் டுவெயின் தெளிவாகக் கண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1876இல் வெளிவந்த அவரது டாம் சாயர் நாவலில், சிறுவன் டாம் பிற பிள்ளைகளிடம் பண்டமாற்றாய்ச் சீட்டுகளைத் திரட்டி, பரிசு பெற முன்வருகிறான். முதற்சீடர் இருவரின் பெயரைக் கேட்டபோது தாவீதையும் கோலியாத்தையும் சொல்கிறான். வசனப் போட்டிகளில் நடுவராய் அமர்ந்த நாம் இதைப் படித்து முழுமனதோடு சிரிக்க முடிவதில்லை.

அவ்வாண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, கிளார்க் அவ்வாலிபரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, தாம் வரைந்த உடன்படிக்கையை வாசித்தார். தவிர்க்க இயலாத தேவை தடுத்தாலன்றி, ஒவ்வொரு ஜெபக் கூட்டத்திற்கும் வரவேண்டும். வந்தபின் வாளா இராமல், எவ்வளவு சிறிதாயினும் ஒரு பங்கு எடுக்கவேண்டும். அறையில் மௌனம் நிலவியது. கூட்டத்தில் வாய் திறந்து பேசுவது முதியோர்க்குரியது என்று எண்ணியிருந்தவர்கள் அவர்கள். பின்னர் ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர் கையொப்பமிட, வாலிபரும் தொடர்ந்தனர். கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் இவ்வாறு பிறந்தது.

இச்சங்கத்தின் உயிர்நாடி மாதந்தோறும் நடைபெற்ற பிரதிஷ்டைக் கூட்டமாகும். அதில் அங்கத்தினர் பெயர்கள் ஒவ்வொன்றாய் அழைக்கப்பட்டன. பெயருக்குரியவர் ஒரு வசனத்தாலோ, ஒரு வாக்கிய ஜெபத்தாலோ, அம்மாதம் தேவன் தம்மை நடத்திய விதத்தைச் சொல்லும் சாட்சியாலோ விடையளித்தார். வர இயலாதவர், தம் பெயர் அழைக்கப்படும்போது வாசிப்பதற்கென ஒரு வசனத்தையேனும் எழுதி அனுப்பினார். இன்னும் விசுவாசத்தை அறிக்கையிடத் துணியாதவர்க்கு இணை அங்கத்தினர் என்ற நிலை இருந்தது; அதனின்று முழு அங்கத்தினராய் ஒருவர் கடந்து வந்தால், அது தோழர் அனைவரும் அறியும் நிகழ்ச்சியாயிற்று. சீட்டும் பதக்கமும் இல்லை. நாவன்மை உடையவனும் நடுங்கும் குரலுடையவளும் ஒரே வரிசையில் விடையளித்தனர். சிறுவளர்ச்சிக்குச் செலுத்தத்தக்க மரியாதை, அதைச் சபை காதுகொடுத்துக் கேட்பதே என்று கிளார்க் கண்டதாக நாம் கருதுகிறோம். மிஸ்பாவுக்கு அப்பால் சாமுவேல் நிறுத்திய கல்லும் பயணம் முடிந்தபின் நாட்டப்பட்டதன்று.

சங்கம் வேகமாய்ப் பரவிற்று. 1895இல் உலக ஒன்றியம் உருவாயிற்று. தமிழ்த் திருச்சபைகளிலும் அது வேரூன்றியது. ஆயினும் அப்பெயர்ப் பட்டியலே அதன் சோதனையும் ஆயிற்று. பிரதிஷ்டைக் கூட்டத்திற்குத் தக்க காரணமின்றித் தொடர்ந்து மும்முறை வாராதவரின் பெயர் நீக்கப்படலாம் என்பது விதி. பெயர் அழைப்பு வருகைக் கணக்காகச் சுருங்கும் ஆபத்து அதில் இருந்தது. மனப்பாட வசனமும் ஓசையின்றி உள்ளே புகுந்து, சாட்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதை நாம் நூல்களில் மட்டும் அறிந்தோமில்லை. நாம் பணியாற்றிய ஒரு கிராமச் சபையில், பெயர் அழைக்கப்படும்போது பல மாதங்களாய் "வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிடும் வாலிபன் ஒருவன் இருந்தான். ஒருநாள் எழுந்து, தன் தகப்பனாரை மன்னிக்கத் தனக்கு மனமில்லை என்றும், அதற்காக ஜெபியுங்கள் என்றும் சொன்னான். நாம் தலையசைத்துவிட்டு அடுத்த பெயரை அழைத்தோம். ஆண்டு இறுதியில் கேடயம், சங்கீதங்கள் பலவற்றை ஒப்புவித்த மற்றொருவனுக்குச் சென்றது. பதிவேட்டில் இவன் பெயருக்கு நேரே, எல்லா மாதங்களிலும் வருகைக்குறி மட்டும் இருந்தது.